கிரிட் பேடை ரெக்கார்டிங் சாஃப்ட்வேரோடு இணைப்பது எப்படி: முதல் சத்தத்திலிருந்து திருவிழா மேடை வரை

வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டு மாடியில் ஒரு சின்ன ரெக்கார்டிங் அறை இருக்கிறது. காட்பாடியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள், சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர்கள், குடியாத்தம், ஆற்காடு பக்கம் பரம்பரையாகப் பம்பை அடிக்கும் வீட்டுப் பையன்கள் என்று பலரும் புதிதாக வாங்கிய பேடோடு படியேறி வருகிறார்கள். சொல்வது அநேகமாக ஒன்றேதான்: “லைட்டெல்லாம் எரியுதுண்ணா, சத்தம்தான் வரல.”

கிரிட் பேட் என்பது விளக்கெரியும் கட்டங்கள் கொண்ட ஒரு பலகை. அது வாத்தியம் அல்ல, அதற்குள் எந்தச் சத்தமும் கிடையாது. ஒரு கட்டத்தை அழுத்தினால் “36-ஆம் எண் அழுத்தப்பட்டது, வேகம் 100” என்று ஒரு செய்தியை லேப்டாப்புக்கு அனுப்பும், அவ்வளவுதான். வேகம் என்பது எவ்வளவு ஓங்கித் தட்டினோம் என்ற அளவு. இந்தச் செய்தி மொழிக்கு மிடி என்று பெயர். அந்தச் செய்தியை வாங்கிச் சத்தமாக்குவது சாஃப்ட்வேருக்குள் இருக்கும் கருவி. அதை வெளியே தள்ளுவது ஆடியோ டிரைவர். காதுக்குக் கொண்டுவருவது ஸ்பீக்கர். இந்தச் சங்கிலியில் எது அறுந்தாலும் விளக்கு எரியும், சத்தம் வராது.

அதனால் நான் சொல்லித்தரும் வரிசை தலைகீழாகத் தெரியும். காதிலிருந்து தொடங்கி பேடை நோக்கிப் பின்னால் போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் புதிதாக ஒரே ஒரு பொருள்தான் சேரும். தப்பு வந்தால் அதில்தான் என்று உடனே தெரிந்துவிடும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது நோவேஷன் லாஞ்ச்பேட் எக்ஸ், லாஞ்ச்பேட் மினி எம்கே3 ஆகிய இரண்டு பேடுகளும், விண்டோஸ் லேப்டாப்பில் ஏபிள்டன் லைவ் (சுருக்கமாக லைவ்) என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரும். நம் பக்கத்தில் நான் அதிகம் பார்ப்பது இவற்றைத்தான். மற்ற சாஃப்ட்வேர்களுக்கு 9-ஆம் பகுதியில் தனியாகக் குறிப்பு இருக்கிறது.

1. செருகும் முன் கையில் இருக்க வேண்டியவை

டேட்டா போகும் யூஎஸ்பி கேபிள். இதில்தான் முதல் சறுக்கல். போனோடு வரும் சில கேபிள்கள் சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும். அவற்றில் பேடுக்குக் கரண்ட் போகும், விளக்கு எரியும், ஆனால் லேப்டாப்புக்கு ஒரு செய்தியும் வராது. பெட்டியோடு வந்த கேபிளையே வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்துவிட்டால், புதிதாக வாங்கும் கேபிளில் போனைச் செருகி ஒரு போட்டோவை லேப்டாப்புக்கு மாற்றிப் பாருங்கள். மாறினால் அது டேட்டா கேபிள்.

கம்பியுள்ள ஹெட்போன் அல்லது ஸ்பீக்கர். ப்ளூடூத் வேண்டவே வேண்டாம். ப்ளூடூத்தில் சத்தம் 100 மில்லி செகண்டுக்கும் மேல் தாமதமாக வருவது சாதாரணம். பாட்டுக் கேட்க அது போதும், தாளம் அடிக்க முடியாது.

சாஃப்ட்வேர் லைசென்ஸ். புது லாஞ்ச்பேடைப் பதிவு செய்தால் ஏபிள்டன் லைவ் லைட் என்ற எளிய பதிப்பு கிடைக்கும். பழைய பேட் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். முதலில் வாங்கியவர் அந்த லைசென்ஸை எடுத்திருந்தால் உங்களுக்கு வராது. பணம் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

ஆடியோ இன்டர்ஃபேஸ் (லேப்டாப்புக்கு வெளியே இணைக்கும் சவுண்ட் கார்டு பெட்டி) இருந்தால் நல்லது, இல்லாமலும் தொடங்கலாம். அதற்காகக் காத்திருந்து ஆறு மாதம் பேடைப் பெட்டியிலேயே வைத்திருந்த தம்பியை எனக்குத் தெரியும். அப்படிச் செய்யாதீர்கள்.

2. பேடைத் தொடாமல் முதலில் ஒலியைச் சரிசெய்யுங்கள்

லைவைத் திறந்து, கன்ட்ரோல் விசையோடு காற்புள்ளி விசையை அழுத்தினால் செட்டிங்ஸ் வரும். அதில் ஆடியோ பக்கத்துக்குப் போங்கள். இன்டர்ஃபேஸ் இருந்தால் டிரைவர் வகையில் ஆசியோ (தாமதம் குறைந்த வகை) என்று வைத்து, அந்தக் கருவியின் சொந்த டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஆசியோ4ஆல் என்ற இலவச டிரைவரை நிறுவிக்கொள்ளலாம். விண்டோஸின் பழைய எம்எம்இ டிரைவரில் தாமதம் அதிகம். பேட் அடிக்க அது ஒத்துவராது. மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையே இல்லை.

அதே பக்கத்தில் டெஸ்ட் டோன் என்று ஒரு பொத்தான் உண்டு. அதை ஆன் செய்யுங்கள். “ஊ...” என்று ஒரே சுருதியில் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் பேடைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், பிரச்சினை இங்கேதான். ஆசியோ4ஆல் போடுபவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு தடங்கல் வரும். பிரவுசரில் ஏதாவது வீடியோ ஓடிக்கொண்டிருந்தால் சவுண்ட் கார்டை அது பிடித்து வைத்திருக்கும். பிரவுசரை மூடிவிட்டு லைவைத் திரும்பத் திறங்கள்.

அடுத்து பஃபர் அளவு. கணினி இத்தனை சாம்பிள்களை (ஒலியின் மிகச் சிறு துணுக்குகளை) சேர்த்து வைத்து மொத்தமாக வெளியே அனுப்புகிறது என்பதுதான் இதன் பொருள். 44,100 ஹெர்ட்ஸில், அதாவது செகண்டுக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில், 128 சாம்பிள் என்றால் சுமார் 2.9 மில்லி செகண்ட், 256 என்றால் 5.8, 512 என்றால் 11.6, 1024 என்றால் 23. காற்றில் ஒலி ஒரு மீட்டர் வர ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் ஆகும். ஆக 512-இல் அடிப்பது, உங்கள் பம்பையை நான்கு மீட்டர் தள்ளி வைத்துவிட்டு அடிப்பது மாதிரி. டிரைவரின் மற்ற தாமதங்கள் இதற்கு மேல் சேரும்.

256-இல் தொடங்குங்கள். சத்தம் “பட் பட்” என்று வெடித்தால் 512-க்கு ஏற்றுங்கள், சுத்தமாக இருந்தால் 128-க்கு இறக்கிப் பாருங்கள். எடுத்த எடுப்பில் 64-க்கு இறக்கிவிட்டு, சத்தம் வெடிக்கிறது என்று லேப்டாப்பைக் குறை சொல்பவர்கள் நிறைய. அடிக்கும்போது குறைவான பஃபர், பிறகு எஃபெக்ட் போட்டு மிக்ஸ் செய்யும்போது அதிகமான பஃபர் என்று மாற்றிக்கொள்வதுதான் சரி.

3. லேப்டாப் விசைகளாலேயே ஒரு சத்தம் எழுப்புங்கள்

இன்னும் பேடைச் செருகவில்லை. லைவுக்குள்ளேயே இருக்கும் பிரவுசர் பட்டியலில் டிரம்ஸ் பகுதியிலிருந்து ஏதாவது ஒரு கிட்டை (டிரம் சத்தங்களின் தொகுப்பை) எடுத்து ஒரு மிடி ட்ராக்கில் போடுங்கள். ட்ராக்கைப் பதிவுக்குத் தயார் செய்யும் ஆர்ம் பொத்தானை அழுத்துங்கள். எம் விசையைத் தட்டினால் லேப்டாப் கீபோர்டே மிடி கீபோர்டாக மாறும். இப்போது ஏ, எஸ், டி விசைகளை அழுத்தினால் டிரம் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் இசட், எக்ஸ் விசைகளால் ஆக்டேவை (ஸ்தாயியை) இறக்கி ஏற்றிப் பாருங்கள்.

இந்தப் படியைத் தாண்டிப் போகும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் இங்கே சத்தம் வந்துவிட்டால் ஸ்பீக்கர், டிரைவர், ட்ராக், கருவி ஆகிய நான்கும் சரி என்று ஒரே அடியில் தெரிகிறது. மிச்சம் பேட் மட்டும்தான்.

முடிந்ததும் எம் விசையைத் திரும்பத் தட்டி அணைத்துவிடுங்கள். அணைக்க மறந்தால், பிறகு குறுக்குவிசைக்காக ஓர் எழுத்தை அழுத்தும்போதெல்லாம் டிரம் அடிக்கும். ரெக்கார்டிங் நடுவில் இப்படி வந்த அடியைப் பேய் அடித்ததாக நினைத்து ஒரு மணி நேரம் தேடியவர்கள் உண்டு.

4. இப்போது பேடைச் செருகுங்கள்

லைவில் இருப்பதைச் சேமித்து மூடிவிட்டு, லேப்டாப்பின் சொந்த யூஎஸ்பி துளையில் நேராகச் செருகுங்கள். மவுஸ், பென் டிரைவ் எல்லாம் தொங்கும் மலிவான ஹப்பில் போட்டால் கரண்ட் பற்றாமல் பேட் நடுவில் அணைந்து எரியும்.

செருகியதும் ஃபர்ம்வேரை, அதாவது பேடுக்குள் இருக்கும் சாஃப்ட்வேரை, புதுப்பிப்பது நல்லது. நோவேஷன் காம்போனென்ட்ஸ் பக்கத்தை குரோம் பிரவுசரில் திறந்தால், மிடி கருவியைப் பயன்படுத்த அனுமதி கேட்கும். கொடுங்கள். புதுப்பிக்கும்போது கரண்ட் போகக்கூடாது. லேப்டாப்பில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். நம் ஊர் மே மாத மதியத்தில் கரண்ட் எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது.

புதுப்பித்த பிறகு அந்தப் பிரவுசர் பக்கத்தை மூடுங்கள். விண்டோஸில் பெரும்பாலும் ஒரு மிடி போர்ட்டை (செய்தி போய்வரும் வழியை) ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் திறக்க முடியும். பிரவுசர் பிடித்து வைத்திருந்தால் லைவுக்குக் கிடைக்காது. “நேற்று வேலை செய்தது, இன்று இல்லை” என்று வருபவர்களின் லேப்டாப்பில் நான் முதலில் பார்ப்பது திறந்து கிடக்கும் பிரவுசரைத்தான்.

பேடைச் சில நிமிடம் சும்மா விட்டால் விளக்குகள் வண்ண வண்ணமாகத் தானாக ஓடும். அது கோளாறு அல்ல. ஏதாவது ஒரு கட்டத்தை அழுத்தினால் நின்றுவிடும்.

5. லைவுக்குப் பேடை அறிமுகம் செய்வது

சேமித்ததை லைவில் திறந்து, செட்டிங்ஸில் மிடி பக்கத்துக்குப் போங்கள். மேலே கன்ட்ரோல் சர்ஃபேஸ் என்ற வரிசையில் உங்கள் பேடின் பெயரைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் இன்புட், அவுட்புட் இரண்டையும் நிரப்ப வேண்டும். பெரும்பாலும் லைவே நிரப்பிவிடும். தானாக நிரம்பியிருந்தால் தொடாதீர்கள்.

நிரம்பாவிட்டால்தான் குழப்பம். ஒரே ஒரு பேடைச் செருகியிருக்கிறோம், பட்டியலில் இரண்டு போர்ட் தெரிகிறதே! அது சரிதான். ஒன்று சாஃப்ட்வேரோடு பேசுவதற்கு: எந்தக் கிளிப் (பதிந்து வைத்த இசைத் துண்டு) ஓடுகிறது, எந்த விளக்கு எந்த நிறம் என்பதெல்லாம் இதில் போகும். மற்றொன்று வெறும் ஸ்வர எண்களுக்கு. லாஞ்ச்பேட் எக்ஸை எடுத்துக்கொண்டால், மேக்கில் இவை எல்பிஎக்ஸ் டிஏடபிள்யூ, எல்பிஎக்ஸ் மிடி என்று தெளிவான பெயரோடு தெரியும். டிஏடபிள்யூ என்றால் ரெக்கார்டிங் சாஃப்ட்வேர். விண்டோஸில் முதல் போர்ட்டுக்கு “எல்பிஎக்ஸ் மிடி” என்றும், இரண்டாவதுக்கு “மிடிஇன்2 (எல்பிஎக்ஸ் மிடி)” என்றும் பெயர் வரும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். விண்டோஸில் முதலாவதுதான் சாஃப்ட்வேரோடு பேசும் போர்ட். கன்ட்ரோல் சர்ஃபேஸில் அதைப் போடுங்கள்.

கீழே போர்ட்களின் பட்டியலில், இரண்டாவது போர்ட்டின் இன்புட்டுக்கு ‘ட்ராக்’ குறி இருக்க வேண்டும். நீங்களே வடிவமைக்கும் கஸ்டம் கட்டங்கள் இதன் வழியாகத்தான் ட்ராக்குக்கு வரும்.

அவுட்புட்டைக் காலியாக விடுவது அடிக்கடி நடக்கும் தப்பு. “பேடிலிருந்து லேப்டாப்புக்குத்தானே செய்தி போகிறது, அவுட்புட் எதற்கு?” என்று கேட்பார்கள். விளக்கின் நிறம் லேப்டாப்பிலிருந்து பேடுக்கு வர வேண்டாமா? அவுட்புட் இல்லாவிட்டால் லைவின் நிறங்கள் பேடுக்கு வராது.

6. ஒரு ட்ராக், ஓர் அடி

3-ஆம் பகுதியில் போட்ட கிட் அப்படியே இருக்கிறது. ட்ராக் ஆர்ம் ஆகியிருக்கட்டும். லாஞ்ச்பேட் எக்ஸில் நோட் பொத்தானையும், மினியில் டிரம்ஸ் பொத்தானையும் அழுத்திவிட்டு, இடது கீழ் மூலைக் கட்டத்தைத் தட்டுங்கள். கிக் (டிரம் செட்டின் பெரிய டிரம்) சத்தம் வந்துவிட்டால் இணைப்பு வேலை முடிந்தது.

வராவிட்டால் லைவின் மேல் வலது மூலையைப் பாருங்கள். தட்டும்போது அங்கே மிடிக்கான சிறு விளக்கு மின்னுகிறதா? மின்னினால் செய்தி வந்து சேர்கிறது, ட்ராக்கில்தான் கோளாறு. மின்னாவிட்டால் கேபிள் அல்லது போர்ட். அனேகமாகக் காரணம் எளிது: பேட் இன்னும் செஷன் முறையில் இருக்கும். அந்த முறையில் கட்டங்கள் டிரம் அடிக்காது, கிளிப்பைத்தான் ஓடவிடும்.

கட்டங்களின் எண்ணை மனதில் பதித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். டிரம் அமைப்பில் எட்டுக்கு எட்டு மொத்தம் 64 கட்டங்களும் நான்கு சதுரங்களாகப் பிரியும். இடது கீழ்ச் சதுரத்தில் கீழ் வரிசை 36 முதல் 39, அதற்கு மேல் 40 முதல் 43, பிறகு 44 முதல் 47, மேலே 48 முதல் 51. பொது மிடி வழக்கத்தில் 36 கிக், 38 ஸ்னேர், 42 மூடிய ஹைஹாட், 46 திறந்த ஹைஹாட். லைவில் 36-ஐ சி1 என்று எழுதுவார்கள். வேறு சில சாஃப்ட்வேரில் அதே எண் சி2 என்று தெரியும். எழுத்தை நம்பாமல் எண்ணை நம்புங்கள்.

7. சொந்தச் சத்தத்தை ஏற்றுவது: பம்பையை வைத்து ஒரு பாடம்

வாங்கிய கிட்டோடு நின்றுவிட்டால் இந்தப் பேடுக்கு நம் ஊரில் பெரிய வேலை இல்லை. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் நின்று கேட்டவர்களுக்கு நம் பக்கத்து அடி எப்படி இருக்கும் என்று தெரியும். அந்தச் சத்தம் எந்த ரெடிமேட் கிட்டிலும் இல்லை. நாமேதான் பதிந்து ஏற்ற வேண்டும்.

முதலில் வாசிப்பவரிடம் எதற்காகப் பதிகிறோம் என்று சொல்லி அனுமதி வாங்குங்கள். ஒரு வேளைச் சம்பளமும் கொடுங்கள். அவர் கை அடிதான் நாளைக்கு உங்கள் பாட்டில் ஒலிக்கப் போகிறது.

ஃபேனை நிறுத்துங்கள். மைக்கையோ போனையோ வாத்தியத்திலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாகப் பதியுங்கள். எம்பி3 ஆக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் சிறு மௌனம் சேர்ந்துவிடும். ஒவ்வோர் அடியையும் தனித்தனியாக, சத்தம் முழுக்க அடங்கும் வரை விட்டு, மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று பல அளவில் வாங்குங்கள். பம்பையில் இரண்டு முழவுகள் சேர்ந்திருப்பதால் நான்கு முகம். முகத்துக்கு நான்கு அளவு என்று வைத்தால் 16 சாம்பிள் (இங்கே சாம்பிள் என்பது பதிந்த ஓர் அடியின் கோப்பு). சதுரத்தில் இருப்பதும் 16 கட்டம்.

இந்த 16-ஐ நான் வைக்கும் விதம் இது: ஒரு முகத்துக்கு ஒரு நெடுவரிசை. கீழே மெல்லிய அடி, மேலே போகப் போக ஓங்கிய அடி. முதல் முகம் 36, 40, 44, 48. இரண்டாவது 37, 41, 45, 49. லாஞ்ச்பேட் மினிக்கு இந்த முறை ரொம்பவும் பொருந்தும். மினிக்கு அடியின் வேகம் தெரியாது. தடவினாலும் ஓங்கித் தட்டினாலும் 127-தான் அனுப்பும். விரலை மேலே கீழே நகர்த்தி நயத்தைக் கொண்டுவரலாம். எக்ஸில் வேகம் தெரியும் என்பதால், ஒரே கட்டத்தில் நயம் வரும். அதன் செட்டிங்கில் வேக வளைவைக் குறைவு, நடு, அதிகம் என்று மாற்றி உங்கள் கைக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றும் வழி: காலி டிரம் ரேக்கை (கட்டத்துக்கு ஒரு சத்தம் வைக்கும் லைவின் கருவியை) ட்ராக்கில் போட்டு, ஒவ்வொரு சாம்பிளையும் அதற்குரிய கட்டத்தில் இழுத்து விடுங்கள். அப்புறம் கட்டாயம் செய்ய வேண்டிய மூன்று வேலைகள் உண்டு.

முதல் வேலை, தொடக்க மௌனத்தை வெட்டுவது. சாம்பிளைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலை எழும்பும் இடத்துக்கு முன்னால் கொஞ்சம் நேர்கோடு இருக்கும். 20 மில்லி செகண்ட் மௌனம் இருந்தால்கூட, தட்டியதற்கும் சத்தத்துக்கும் நடுவே இடைவெளி கையில் தெரியும். லேட்டன்சி, அதாவது கணினியின் தாமதம், என்று நினைத்து டிரைவரை மாற்றி, பஃபரை மாற்றி, கடைசியில் புது இன்டர்ஃபேஸே வாங்கிவிட்ட ஒரு நண்பரின் உண்மையான பிரச்சினை இந்த மௌனம்தான். எல்லாக் கட்டமும் தாமதித்தால் டிரைவர், ஒரு சில கட்டம் மட்டும் தாமதித்தால் சாம்பிள் என்று பிரித்துப் பாருங்கள்.

இரண்டாவது, சாம்பிளை ஒலிக்கவைக்கும் சிம்ப்ளர் கருவியில் ஒன்-ஷாட் முறையில் வைத்து ‘ட்ரிகர்’ என்று தேர்ந்தெடுப்பது. ‘கேட்’ என்று இருந்தால் விரலை எடுத்தவுடன் சத்தம் வெட்டுப்படும். தோல் வாத்தியத்தில் கையை எடுத்த பிறகும் நாதம் நிற்க வேண்டும்.

மூன்றாவது, சோக் குழு. ஒரே முகத்தில் திறந்த அடியும் அமுக்கிய அடியும் இருந்தால், அமுக்கிய அடி விழுந்ததும் பழைய நாதம் நிற்க வேண்டும். உண்மையான தோலில் அப்படித்தான் நடக்கும். டிரம் ரேக்கின் செயின் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே சோக் எண்ணைக் கொடுங்கள். உடுக்கைக்கும் இது வேண்டும். கயிற்றை இறுக்கிச் சுருதி ஏற்றிய சத்தமும் தளர்த்திய சத்தமும் ஒன்றாக ஒலித்தால் அது உடுக்கையாகவே கேட்காது.

8. தாளம், குவான்டைஸ், கிளிப்

நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் இந்த இடத்தில் அதிகம் தடுமாறுகிறார்கள். காரணம் அவர்கள் கை அல்ல, சாஃப்ட்வேரின் இயல்பான அமைப்பு. லைவ் 4/4-இல் தொடங்கும், அதாவது பார் என்ற ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு துடிப்பு. நம் தாளத்தை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

ஆதி தாளத்துக்கு 4/4-ஐயே வைத்து இரண்டு பார் என்று கணக்குப் போடலாம். நான் 8/4 என்று வைத்துவிடுவேன். அப்போது ஒரு பார் என்பது ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று). ரூபகத்துக்கு 3/4. மிஸ்ர சாப்புக்கு 7/8, கண்ட சாப்புக்கு 5/8. இதனால் கிடைக்கும் லாபம் கிளிப் ஓடவிடும்போது தெரியும். குளோபல் குவான்டைசேஷன் 1 பார் என்று இருந்தால், நீங்கள் எப்போது கட்டத்தைத் தட்டினாலும் அடுத்த சமத்தில், அதாவது ஆவர்த்தனம் தொடங்கும் இடத்தில்தான் கிளிப் கிளம்பும். அளவு தப்பாக இருந்தால் தாளத்தின் நடுவில் கிளம்பிவிடும்.

அடுத்து, எடிட் மெனுவில் இருக்கும் ரெக்கார்ட் குவான்டைசேஷன். பதியும்போதே ஒவ்வோர் அடியையும் அருகிலிருக்கும் தாளக் கோட்டுக்கு இழுத்து வைக்கும் வசதி அது. ஆரம்பக்காரர்கள் பதினாறில் ஒன்று என்று வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். துடிப்புக்கு நான்கு அடி விழும் சதுஸ்ர நடைக்குச் சரி. ஆனால் திஸ்ர நடையில் ஒரு துடிப்புக்கு மூன்று அடி விழும். அந்த மூன்றையும் நான்கு பங்குக் கோடுகளுக்கு இழுத்தால் நடையே செத்துப்போகும். குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு தம்பி, தான் அடித்ததைத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு, “நான் இப்படி அடிக்கலண்ணா” என்றான். அவன் சொன்னது முழு உண்மை. அடித்ததை சாஃப்ட்வேர் மாற்றிவிட்டது.

என் பழக்கம்: பதியும்போது குவான்டைஸ் முழுக்க அணைத்திருக்கும். பதிந்து, கேட்டு, தேவைப்பட்டால் மட்டும் கன்ட்ரோல், ஷிஃப்ட், யூ மூன்றையும் சேர்த்து அழுத்தி அமைப்பைத் திறப்பேன். திஸ்ரம் என்றால் எட்டில் ஒன்று ட்ரிப்லெட். அளவை 100 சதவீதம் வைக்காமல் 50, 60 என்று வைத்தால் கோணல் குறையும், கையின் குணம் போகாது. கண்ட நடைக்கு ஐந்து பங்கு அந்த ரெக்கார்ட் குவான்டைசேஷன் மெனுவில் இல்லை. கையை நம்பி அடியுங்கள், மெட்ரோனோம் துணைக்கு இருக்கட்டும்.

கிளிப் ஓடவிடுவது இதற்குப் பிறகு எளிது. செஷன் பொத்தானை அழுத்தினால் நெடுவரிசை ஒவ்வொன்றும் ஒரு ட்ராக், கிடைவரிசை ஒவ்வொன்றும் ஒரு சீன். ஆர்ம் செய்த ட்ராக்கின் காலிக் கட்டத்தைத் தட்டினால் பதிவு தொடங்கும், கட்டம் சிவப்பாகத் துடிக்கும். ஆவர்த்தனம் முடிவதற்குச் சற்று முன் அதே கட்டத்தைத் தட்டினால், சமத்தில் பதிவு நின்று அங்கேயே சுழல ஆரம்பிக்கும், நிறம் பச்சையாகும். சமம் வந்த பிறகு தட்டினால் இன்னோர் ஆவர்த்தனம் கூடிவிடும். முன்னால் தட்டும் பழக்கம் வர இரண்டு நாள் ஆகும், அவ்வளவுதான். வலது ஓரத்து அம்புகளைத் தட்டினால் அந்த வரிசையில் உள்ள எல்லாக் கிளிப்பும் ஒன்றாகக் கிளம்பும்.

9. வேறு சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்கு

வரிசை மாறாது, மெனு மட்டும்தான் மாறும். எஃப்எல் ஸ்டுடியோவில் ஆப்ஷன்ஸின் கீழ் மிடி செட்டிங்ஸில் இன்புட்டை எனேபிள் செய்து, கன்ட்ரோலர் வகையைத் தேர்ந்தெடுங்கள். இன்புட், அவுட்புட் இரண்டுக்கும் ஒரே போர்ட் எண் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விளக்கு வராது. பேட் அடிக்க எஃப்பிசி கருவி போதும்.

ரீப்பரில் பிரெஃபரன்ஸஸில் மிடி இன்புட்டை எனேபிள் செய்து, ட்ராக்கை ஆர்ம் செய்து, ட்ராக்கின் இன்புட்டை மிடி என்று மாற்றி, மானிட்டரை ஆன் செய்ய வேண்டும். கடைசி இரண்டையும்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ரீப்பரில் ஸ்வர எண்களுக்கான போர்ட்டை மட்டும் எனேபிள் செய்தால் போதும்.

10. சேமிப்பது

பென் டிரைவிலிருந்து சாம்பிளை இழுத்துப் போட்டால், லைவ் அதை நகல் எடுப்பதில்லை. இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். பென் டிரைவைப் பிடுங்கியதும் மறுநாள் கோப்பு காணவில்லை என்று செய்தி வரும். அதனால் ஃபைல் மெனுவில் ‘கலெக்ட் ஆல் அண்ட் சேவ்’ என்பதைக் கொடுங்கள். எல்லாம் ஒரே ஃபோல்டருக்குள் வந்துவிடும். பம்பை ரேக்கைத் தனியாக யூசர் லைப்ரரியிலும் சேமித்துவிட்டால், அடுத்த பாட்டுக்கு இழுத்துப் போட்டால் போதும்.

11. ஆடி மாத மேடைக்கு எடுத்துப்போகும் முன்

கூழ் வார்க்கும் திருவிழாக்களில் இப்போது பேடும் மேடை ஏறுகிறது. அறையில் வராத பிரச்சினைகள் அங்கே வரும்.

ஜெனரேட்டர் கரண்டில் லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் “ம்ம்ம்” என்று உறுமல் கேட்டால், சார்ஜரை ஒரு நொடி பிடுங்கிப் பாருங்கள். உறுமல் நின்றால் எர்த்திங் கோளாறு. அப்போதைக்கு பேட்டரியிலேயே வாசியுங்கள். அதற்காகத்தான் மேடைக்குப் போகும் முன் முழு சார்ஜ் வேண்டும் என்று சொல்கிறேன்.

விண்டோஸ் பவர் அமைப்பில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று உண்டு. மின்சாரம் மிச்சம் பிடிக்க, சும்மா இருக்கும் யூஎஸ்பி கருவியை அது தூங்க வைக்கும். பூசாரி அருள்வாக்குச் சொல்லி முடிக்கும் வரை பத்து நிமிடம் காத்திருந்துவிட்டுத் தட்டினால் பேட் எழும்பாது. அதை அணைத்துவிடுங்கள். வைஃபையையும் அணையுங்கள், அப்டேட் நடுவில் வந்து நிற்காது.

பகல் நிகழ்ச்சியில் வெயிலில் கட்டத்தின் நிறம் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்தை முழுக்க ஏற்றினாலும் போதாது. பந்தலுக்குள் நிழலாகப் பார்த்து உட்காருங்கள், முக்கியமான கிளிப்களை மூலைக் கட்டங்களில் வையுங்கள், பார்க்காமலே விரல் போகும். பேடையும் லேப்டாப்பையும் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் காருக்குள் அதைவிடப் பல டிகிரி கூட இருக்கும்.

மேடையில் செருகும் வரிசையும் அதேதான்: ஸ்பீக்கர், பிறகு இன்டர்ஃபேஸ், டெஸ்ட் டோன், அதன் பிறகு லைவை மூடி, பேடைச் செருகி, லைவைத் திரும்பத் திறப்பது. கேபிள் இரண்டு எடுத்துப்போங்கள்.